மீற்றர் கம்பனிக்கு நான் போட்ட விலை

நான் ஓய்வு பெற்ற பங்குத் தரகு நிறுவனத்தில் இப்போது ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருப்பவர் மிகவும் மரியாதையான பிள்ளை. சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, நிறுவனத்தின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றார். தொழில்நுட்பக் கம்பனிகளின் பங்குகளை, இனிமேல் வரப்போகிற றோயல்டி உரிமப் பணத்தை வைத்து எப்படி மதிப்பிடுவது என்று இளையவர்களுக்கு விளக்க வேண்டுமாம். இப்போது ஒரு மென்பொருள் அந்த வேலையை நான்கு நிமிடத்தில் முடித்துவிடுகிறதாம். உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளங்கவில்லையாம். எங்கள் காலத்தில் அதே வேலைக்கு நான்கு வாரம் எடுத்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்கும் விளங்கவில்லை என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

"நல்ல அனுபவங்களா எழுதுங்கோ, மிஸ்," என்றார். யாருக்கு நல்லது என்று கேட்க நினைத்தேன். பிறகு, மலரில் போடுகிறார்களோ இல்லையோ, எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் தீவுப்பகுதியில் இருக்கிற நாரந்தனைக்காரி. முப்பத்தொரு வருடம் கொழும்பில் பங்குகளுக்கு விலை போட்டுச் சீவித்தவள். ஊரில் என்னை எல்லோரும் பாங்கில் வேலை செய்தவள் என்றே நினைக்கிறார்கள். அடைவு வைத்த நகைக்கு வட்டி ஏறிவிட்டதா என்று வீட்டுப் படலையில் வந்து கேட்பார்கள். திருத்தித் திருத்திக் களைத்துப்போய், இப்போது எனக்குத் தெரிந்த வட்டியைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். ஒருமுறை மட்டும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு விளக்க முயன்றேன். சந்தையில் பங்குக்கு இருக்கிற விலை சரியா பிழையா என்று சொல்வதுதான் என் தொழில் என்றேன்.

"விலைதான் எழுதிக் கிடக்குமே, பிள்ளை. பிறகு நீர் என்னத்தைச் சொல்லுறது?" என்று கேட்டார்.

என் தொழிலைப் பற்றி யாரும் கேட்ட கேள்விகளில் ஆகப் பொருத்தமானது அதுதான்.

படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். கணக்கியல் பரீட்சைகள், வெள்ளவத்தையில் ஒரே அறையில் மூன்று பெண்கள், இரவல் வாங்கிய கல்குலேட்டர், முதல் ஐந்து வருடமும் மற்றவர்களின் அறிக்கைகளில் கூட்டல் பிழை பார்த்த வேலை. அதன் பிறகு திரு. இராசநாயகத்தின் பிரிவுக்கு மாற்றினார்கள். படிப்பு அங்கேதான் தொடங்கியது.

இராசநாயகம் சேர் கொழும்பிலே பிறந்து வளர்ந்த பெரிய இடத்து மனிதர். அறையைக் குளிரூட்டி உறைய வைத்துவிட்டு, அந்தக் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இருப்பார். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஒருநாளும் பேனாவால் எழுதியதும் இல்லை. நன்றாகச் சீவிய பென்சில்கள் ஆறு மேசையில் வரிசையாகக் கிடக்கும். நாங்கள் கொடுக்கும் அறிக்கையை மெதுவாகப் படித்து, எந்த எண் அவருக்குப் பிடிக்கவில்லையோ அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். என்ன எண் வேண்டும் என்று சொல்லமாட்டார். அவர் சொல்லிவிட்டால் அது கட்டளை. நாங்களாகக் கண்டுபிடித்தால் அது ஆய்வு. அறிக்கை அச்சுக்குப் போகுமுன் புள்ளிகளை அழிக்கிறதும் எங்கள் வேலைதான்.

இந்தப் புள்ளிகளுக்காகவே பிறந்தது போல ஒரு கம்பனி வந்து சேர்ந்தது. பெயரை எழுதவில்லை, அவர்களுடைய வழக்கறிஞர்கள் நல்ல சுகத்தோடு இருக்கிறார்கள். சந்தையில் எல்லோரும் மீற்றர் கம்பனி என்றே சொல்வோம். அவர்கள் ஒரு மீற்றர்கூடச் செய்ததில்லை. வீட்டு மின்சார மீற்றருக்குள்ளே இருந்து, எத்தனை அலகு ஓடியது என்று தானாகவே செய்தி அனுப்புகிற ஒரு மின்சுற்றை வடிவமைத்திருந்தார்கள். மூன்று வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் அந்த வடிவமைப்பை உரிமம் பெற்று மீற்றர் செய்தன. விற்கும் ஒவ்வொரு மீற்றருக்கும் சில சதம் றோயல்டி. தொழிற்சாலை இல்லை, சாமான் அறை இல்லை, லொறி இல்லை. இரண்டு மாடி, நாற்பது பொறியியலாளர்கள், வரவேற்பறையில் ஒரு மீன்தொட்டி. மீனைத் தவிர அங்கே தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை, அதையும் தொடவிடமாட்டார்கள்.

அந்த நேரம் பங்கின் சந்தை விலை முப்பத்தெட்டு ரூபாய். கம்பனி புதிதாகப் பங்குகள் வெளியிட்டுப் பணம் திரட்டப்போகிறது, ஒரு பங்கு நாற்பத்தைந்து ரூபாய். அந்த வெளியீட்டை நடத்திக்கொடுக்கிற பொறுப்பு எங்கள் நிறுவனத்துக்கு. அந்தப் பங்கு உண்மையில் என்ன பெறும் என்று நடுநிலையாக ஆராய்ந்து எழுதுகிற பொறுப்பும் எங்கள் நிறுவனத்துக்கே. இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதாகச் சட்டம். சுவர் இருந்தது. அதில் கதவும் இருந்தது.

இளையவர்களுக்காக முறையைச் சொல்லுகிறேன். வருகிற வருடம் எத்தனை மீற்றர் விற்கும் என்று ஊகிக்க வேண்டும். அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று பத்து வருடத்துக்கு ஊகிக்க வேண்டும். ஒரு மீற்றருக்கு வரும் சதத்தால் பெருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களில் சிலர் காலப்போக்கில் விலகிப் போவார்கள் என்று வருடாவருடம் ஒரு பகுதியைக் குறைக்க வேண்டும். நாளைக்கு வரும் பணம் இன்றைய பணத்தை விடக் குறைவானது என்பதால் ஒரு கழிவு வீதம் போட்டு இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவர வேண்டும். பத்து வருடத்துக்குப் பிறகு உலகம் அழியும் வரை இன்ன வேகத்தில் வளரும் என்று கடைசியாக ஒரு வரி. மொத்த விலையில் பாதிக்கு மேல் அந்தக் கடைசி வரியில்தான் கிடக்கும். நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் தெரியாது என்று சொல்லும் நாங்கள், உலக முடிவு வரைக்கும் மீற்றர் எண்ணிக் கொடுத்தோம்.

நான்கு வாரம் இருந்து எண்ணினேன். நாற்பத்தொரு ரூபாய் வந்தது.

சேர் படித்தார். கழிவு வீதத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. உலக முடிவு வரிக்குப் பக்கத்தில் இன்னொன்று.

"மிஸ், உங்கட நம்பர் கொஞ்சம் கூச்சப்படுது," என்றார்.

கூச்சத்தைப் போக்கினேன். கழிவு வீதத்தை நூற்றுக்கு இரண்டு குறைத்து, கடைசி வரியின் வளர்ச்சியை இரண்டு கூட்டினேன். ஐம்பத்தைந்து ரூபாய். உலகத்தில் எங்கேயும் ஒரு மீற்றர் கூடுதலாக விற்கவில்லை, அதற்குள் ஒவ்வொரு பங்கிலும் பதினான்கு ரூபாய் விளைந்துவிட்டது. வெளியீட்டு விலையைத் தாண்டியாயிற்று. அதோடு நான் விட்டிருந்தால் இந்தக் கட்டுரை முழுவதையும் இராசநாயகம் சேரின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

நான் விடவில்லை. விலகிப் போகிறவர்களுக்காகக் குறைக்கிற அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உரிம ஒப்பந்தத்தில், வடிவமைப்பைப் பயன்படுத்தும் காலமெல்லாம் றோயல்டி கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் காணி உறுதிப் பத்திரம்தான் நினைவுக்கு வந்தது.

தீவுப்பகுதியில் நிலத்தை வெட்டினால் பெரும்பாலும் உவர்தான். நல்ல தண்ணீர்க் கிணறு ஊருக்கு ஒன்றோ இரண்டோ. அந்தக் கிணறு ஒருவருடைய காணியில் இருக்கும். தண்ணீர் அள்ளும் உரிமை இருபது வீட்டுக்கு இருக்கும். ஒவ்வொரு உறுதியிலும் கிணற்றில் இத்தனையில் ஒன்று, வழி வாய்க்காலும் சேர்த்து, என்று எழுதியிருக்கும். பிள்ளைகளுக்குப் பிரிக்கப் பிரிக்க எட்டில் ஒன்று இருபத்திநாலில் ஒன்றாகும், ஆனால் ஒருவரும் கைவிடமாட்டார்கள். அதற்காக வழக்குப் பேசிக் காணியின் பெறுமதியை விடக் கூடச் செலவழித்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தவர்களும் வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்று பார்க்குமுன் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்கு, நல்ல தண்ணீர்க் கிணற்றை ஒருவன் தானாக விட்டுப் போவான் என்று கற்பனை செய்யவே வராது. கம்பனியின் கன்ரீனில் ஒரு பொறியியலாளர் என்னோடு சாப்பிட்டுக்கொண்டு, பெரிய தொழிற்சாலையின் ஆட்கள் மூன்று மாதம் வந்து தங்கி, ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று சொன்னார். எவ்வளவு ஆர்வம் என்று மெச்சினேன். என் கிணற்றில் அள்ளுகிறவன் தன் வளவில் நீரோட்டம் பார்க்க ஆளைக் கூட்டி வந்திருக்கிறான் என்று எனக்குப் படவே இல்லை. விலகுவோர் வரியில் பூச்சியம் போட்டேன். எழுபத்திரண்டு ரூபாய் வந்தது.

அன்றைக்கு இராசநாயகம் சேர் தன் வாழ்நாளில் ஒருமுறை சரியான இடத்தில் புள்ளி வைத்தார்.

"ஒருத்தரும் விட்டுப் போகமாட்டினமோ, மிஸ்?"

"போகமாட்டினம், சேர்."

"நிச்சயமோ?"

"ஓம், சேர். நல்ல தண்ணியை விட்டிட்டு ஆர் போவினம்?"

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் எழுபத்திரண்டு நன்றாக விளங்கியது. அழிறப்பரை எடுத்துத் தன் புள்ளியைத் தானே அழித்தார். அப்படிச் செய்ததை நான் அதற்கு முன்பும் காணவில்லை, பின்பும் காணவில்லை.

அறிக்கை வந்தது. தமிழ்ப் பத்திரிகை ஒன்று என் பெயரையும் ஊரையும் படத்தையும் போட்டு எழுபத்திரண்டு ரூபாயைப் பெரிய எழுத்தில் போட்டது. அந்தப் பத்திரிகைத் துண்டு கனடா வரைக்கும் போய், அங்கேயிருந்து நாரந்தனைக்குத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் மரியதாஸ் அண்ணை.

மரியதாஸ் அண்ணை எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், இரண்டு வளவு தள்ளி வீடு. நாலு மாடும் கொஞ்ச வெங்காயமும். ஒரே மகள் ஜெனிற்றா. அவளுக்குச் சீதனமாக வைத்திருந்த காணியில்தான் எங்கள் பக்கத்து நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. கோயில் திருவிழாவுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது, பூசை முடிந்த பின்னேரம், ஒரு பொலித்தீன் பைக்குள் காணி உறுதியோடு வந்து கதிரையில் இருந்தார்.

"டொமினிக் கேக்கிறான், பிள்ளை," என்றார். டொமினிக் அவருடைய மனைவியின் தம்பி, கனடாவில் இருக்கிறவர். "இந்தக் காணியைத் தனக்குத் தரட்டாம், வீடு கட்ட. நல்ல விலை தாறானாம். காசைப் பாங்கில போட்டால் கரைஞ்சு போமாம், இந்த மீற்றர்ப் பங்கில போடட்டாம். அதுதான் எங்கட பிள்ளையே எழுதியிருக்கே, அவவைக் கேள் எண்டவன். நீர் என்ன சொல்லுறீர்?"

வெளியீடு நடக்கிற நேரத்தில் நான் தனிப்பட யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது என்பது விதி. விதியை மீறினேன். பணத்துக்காக இல்லை, பெருமைக்காக. ஊரில் முதல் தடவையாக ஒருவர் அடைவு வட்டியைக் கேட்காமல் என் தொழிலைக் கேட்கிறார். லப்டொப்பைத் திறந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"நல்ல பங்கு, அண்ணை. இப்ப நாப்பத்தைஞ்சுக்கு வாங்கலாம். எழுபத்திரண்டு பெறும்."

"அவசரம் ஒண்டும் இல்லைத்தானே, பிள்ளை?"

"வெளியீடு இந்த மாதத்தோட முடியுது. இப்பவே செய்யிறது நல்லது."

தேத்தண்ணீரைக் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு, உறுதியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தார்.

"அந்தக் கிணறு உமக்குத் தெரியும்தானே. கோடையிலும் வத்தாது."

"தெரியும், அண்ணை. இதுவும் அப்பிடித்தான்," என்று, உரிமத்தையும் கிணற்று உரிமையையும் ஒப்பிட்டு நான் கண்டுபிடித்த அந்த அருமையான விளக்கத்தைச் சொன்னேன். மூன்று தொழிற்சாலைகள், ஒரு கிணறு, காலமெல்லாம் அள்ளுவார்கள். திரையில் கோடு மேலே மேலே ஏறியது.

"பங்கில போட்டுக் கெட்டுப்போன ஆக்களும் இருக்கினமாம்," என்றார்.

"அது பாத்துப் போடாத ஆக்கள், அண்ணை. நான் நாலு கிழமை இருந்து பாத்தனான்."

"நீர் நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"ஓம், அண்ணை. பயப்பிடாமல் செய்யுங்கோ."

அவர் உறுதியைத் திரும்பப் பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். பயந்த மனிதனுக்குத் தைரியம் சொல்லி அனுப்பினேன் என்று எனக்கு அன்று முழுவதும் சந்தோசம்.

மிச்சத்தை எழுத அதிக நேரம் எடுக்காது. வெளியீடு முழுவதும் விற்றுத் தீர்ந்தது. பதினான்கு மாதம் கழித்துப் பெரிய தொழிற்சாலை, இத்தனை கால ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுதியது. அவர்களுடைய புதிய மீற்றரில் அவர்களே செய்த சுற்று. மற்ற இரண்டும் பின்னால் போயின. ஒப்பந்தத்தை ஒருவரும் மீறவில்லை. பயன்படுத்தும் காலமெல்லாம் கொடுத்தார்கள், பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். பங்கு ஒன்பது ரூபாய்க்கு வந்தது. நாங்கள் அடுத்த அறிக்கையில், நீண்டகால முதலீட்டாளர்களுக்கு ஏற்றது என்று எழுதினோம். எங்கள் தொழிலில் நீண்டகால முதலீட்டாளர் என்றால் விற்றுவிட்டு வெளியேற முடியாமல் அகப்பட்டவர். இராசநாயகம் சேருக்கு ஐந்து நட்சத்திர விடுதியில் பிரியாவிடை நடந்தது, அவருடைய கதிரை எனக்குக் கிடைத்தது. வெளியீடு வெற்றி, ஆகவே என் ஆய்வும் வெற்றி என்று யாரோ ஒருவர் தீர்மானித்திருந்தார். நான் மறுக்கவில்லை. பென்சில்களையும் எடுத்துக்கொண்டேன்.

காணியை விற்று அந்தப் பங்கை வாங்கியிருந்த மரியதாஸ் அண்ணைக்கு நானாகத்தான் தொலைபேசி எடுத்தேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அதுக்கு நீர் என்ன செய்யிறது, பிள்ளை. உடம்பைக் கவனியும்," என்று வைத்துவிட்டார். ஜெனிற்றாவுக்குப் பேசி வைத்த கலியாணம் அந்த வருடம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. டொமினிக் மற்றப் பங்குக்காரர்களிடமும் கிணற்று உரிமையை விலைக்கு வாங்கி, ஆளுயர மதில் கட்டி, உள்ளே ஒரு நீச்சல் தடாகமும் கட்டியிருக்கிறார். வருடத்தில் இரண்டு கிழமை வருகிறார். அவர் நீந்தி யாரும் கண்டதில்லை. எங்கள் வீட்டுக் கிணறு உவர். சந்தியில் தண்ணீர் பவுசர் லொறி வருகிற நாளில் அந்த மதிலோரமாகப் பிளாஸ்ரிக் கானை வைத்துக்கொண்டு மற்றவர்களோடு நானும் நிற்கிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய கிழமையில், எனக்கு முன்னால் ஜெனிற்றா நின்றாள். கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதுகிறாள். தலையில் நரை விழுந்திருந்தது. இவ்வளவு காலமும் கேளாமல் விட்டதை அன்றைக்குக் கேட்டேன்.

"அப்பா என்னில கோபமோ, ஜெனிற்றா? நான் சொல்லித்தானே வித்தவர்."

"கோபம் ஒண்டும் இல்லை, அன்ரி." கானின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள். "அப்பாவுக்கு அந்தக் காணியை விக்க விருப்பமே இல்லை. மாமா விடேல்லை. மாமாவுக்கு நேரடியாய் ஏலாது எண்டு சொன்னால் அம்மா அழுவா, சொந்தம் முறியும். நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னால், அவ வேண்டாமாம் எண்டு மாமாவுக்குச் சொல்லலாம்தானே. அதுக்குத்தான் உங்களிட்ட வந்தவர்."

மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இறைக்கிற மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நாலு விதமாய்க் கேட்டுப் பாத்தவராம்," என்றாள். "வீட்டை வந்து அம்மாட்டச் சொன்னவர், பிள்ளை நல்லாப் படிச்சிட்டுது, நான் கேக்கிறது அதுக்கு விளங்கேல்லை எண்டு."

ஒரே ஒரு சொல்தான் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அதற்கு லப்டொப்பும் தேவையில்லை, மீற்றரும் தேவையில்லை. பவுசர்க்காரன் குழாயைத் திறந்துவிட்டு, அடுத்தது ஆர் என்று கூப்பிட்டான். அது ஜெனிற்றாவின் முறை. அவள் தன் கானைப் பின்னால் இழுத்துவிட்டு, குனிந்து என்னுடைய கானைத் தூக்கிக் குழாயடியில் வைத்தாள்.

"முதல் நீங்கள் பிடியுங்கோ, அன்ரி," என்றாள். "கனநேரம் நிக்க உங்களுக்கு ஏலாது."